உள்ளங்காலில் ஒரு மச்சம்: எப்போது காட்டுவது, எங்கே போவது, என்ன கொண்டுபோவது

இடது உள்ளங்காலில், குதிக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு ஒரு மச்சம் இருந்தது. சின்ன வயதில் அப்பம்மா அதைத் தடவிப் பார்த்து, "இவள் ஊர் ஊராய்த் திரியப் போறாள்" என்று சொல்லுவா. உள்ளங்கால் மச்சத்துக்கு எங்கள் திருகோணமலைப் பக்கம் சொல்லும் பலன் அது. முப்பத்தெட்டு வயதில் ஒருநாள் கால் கழுவும்போது அது பெருத்திருந்ததைக் கண்டேன். கண்ட நாளிலிருந்து, "கெட்டது ஒன்றும் இல்லை" என்று எழுதிய தாள் கைக்கு வர ஏழு மாதம் எடுத்தது. மூன்று மாதம் பயத்தில் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். இரண்டு மாதம் தவறான இடத்தில் போனது. சரியான வழியில் போகத் தொடங்கிய பிறகு தேவைப்பட்டது மிச்ச இரண்டு மாதம்தான்.

அந்த ஐந்து மாதத்தை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. மச்சத்தைப் பார்த்து முடிவு சொல்வது அவர்கள் வேலை. அவர்கள் முன்னால் சரியான நேரத்தில், சரியான சாமான்களோடு போய் உட்காருவது நம் வேலை.

1. பகல் வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள்

ஒரு மச்சத்தை மட்டும் குனிந்து குனிந்து பார்த்தால் எல்லாமே பயமாய்த் தெரியும். முதலில் மற்ற மச்சங்களைப் பாருங்கள். உங்கள் உடம்பில் மச்சங்கள் பொதுவாக எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் எது வேறாக இருக்கிறது என்று தெரியும். பெரியவர் ஒருவருக்குப் பத்து முதல் நாற்பது மச்சங்கள் இருப்பது சாதாரணம்.

குளித்த பிறகு, யன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதுகு, பிடரி, காதின் பின்புறம், தொடையின் பின்பக்கம் ஆகியவற்றை உங்களால் பார்க்க முடியாது. கணவனோ, அக்காவோ, வளர்ந்த மகளோ பார்க்கட்டும். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலுக்கு இன்னும் முக்கியமான நான்கு இடங்கள் உண்டு: உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு, நகத்தின் கீழ். தோல் புற்றுநோய்களில் மிக ஆபத்தானது மெலனோமா. அது வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வரும், நமக்கு அரிது. ஆனால் நமக்கு வரும்போது பெரும்பாலும் இந்த வெயில் படாத இடங்களில் வருகிறது. "கறுத்தத் தோலுக்கு அது வராது" என்ற பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. யாரும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதில்லை, அதனால் காணும்போது பிந்திவிடுகிறது. வெயில் காரணம் இல்லை என்பதால் வெயிலுக்குப் பூசும் கிறீமும் இந்த வகைக்கு உதவாது. பார்ப்பது ஒன்றுதான் வழி.

வீட்டில் அறுபது கடந்த அம்மா அப்பா இருந்தால் அவர்களுடைய உள்ளங்காலையும் நீங்களே பாருங்கள். குனிய முடியாது, கண் மங்கல், சீனி வருத்தத்தால் கால் விறைப்பு, இதில் அவர்கள் எப்படிக் காண்பது? மாதம் ஒருமுறை நகம் வெட்டிவிடும் சாட்டில் பார்த்துவிடலாம்.

2. போட்டோ எடுத்துத் திகதி எழுதுங்கள்

மச்சத்தின் பக்கத்தில் பிள்ளைகளின் அடிமட்டத்தை வைத்து போனில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று கிட்டத்தில், மற்றது எந்த இடம் என்று தெரியும் அளவுக்குத் தூரத்தில். பிளாஷ் வேண்டாம், நிறத்தை மாற்றிக் காட்டும். திகதியை ஒரு கொப்பியில் எழுதுங்கள். போன் தொலைந்தால் படமும் போய்விடும், ஆகையால் வீட்டில் இன்னொருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

நான் இதைச் செய்யவில்லை. "எப்போதிருந்து பெருத்தது? முன்பு எவ்வளவு?" என்று டொக்டர் கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "முந்தி சின்னதாய் இருந்தது" என்ற பதிலை வைத்து அவர் என்ன செய்வார்?

பழைய கலியாணப் படம், கடற்கரைப் படம் என்று எதிலாவது அந்த மச்சம் தெரிகிறதா என்றும் தேடுங்கள். முகம், கழுத்து, கை மச்சங்களுக்கு இது நன்றாக உதவும்.

3. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

பார்க்க வேண்டியவை ஐந்து.

வடிவம்: மச்சத்தின் நடுவே ஒரு கோடு கிழித்ததாக நினைத்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கிறதா? விளிம்பு: வட்டமாய், துப்புரவாய் இருக்கிறதா, அல்லது மை ஊறிய தாள் போல் கலைந்து போயிருக்கிறதா? நிறம்: ஒரே நிறமா, அல்லது கறுப்பு, மண்ணிறம், சாம்பல், சிவப்பு என்று கலந்திருக்கிறதா? அளவு: பென்சிலின் பின்புறத்தில் இருக்கும் அழிறப்பரை விட, அதாவது சுமார் 6 மில்லிமீற்றரை விடப் பெரிதா? கடைசியாக, மாற்றம்: கிழமைக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ பெருக்கிறதா, உயர்கிறதா, நிறம் மாறுகிறதா, கடிக்கிறதா, தட்டுப்படாமலே இரத்தம் வருகிறதா, புண்ணாகி ஆறாமல் இருக்கிறதா?

ஐந்தில் எது பெரிது என்று கேட்டால் மாற்றம் என்பேன். பிறந்ததிலிருந்து ஒரு சதக்காசு அளவில் கிடக்கும் மச்சம் அப்படியே கிடந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 4 மில்லிமீற்றர் மச்சம் இரண்டு மாதத்தில் 6 ஆனால் அதைக் காட்டத்தான் வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு, இது எனக்கு நன்றாகப் பிடித்தது. கலியாண வீட்டுப் பந்தியில் இரண்டு வீட்டாருக்கும் தெரியாத ஒருவர் இருந்தால் கண்ணுக்குத் தனியாகப் படும் அல்லவா? அதுபோல உங்கள் மற்ற மச்சங்களின் சாயல் எதுவும் இல்லாமல் ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதைக் காட்டுங்கள், மேலே சொன்ன ஐந்தில் ஒன்றும் பொருந்தாவிட்டாலும்.

மெலனோமாவில் ஒரு வகை இந்த ஐந்துக்கும் அகப்படாது. சின்ன மொட்டுப் போல உயர்ந்து, தொட்டால் கெட்டியாக, கிழமைக்குக் கிழமை வளரும். கறுப்பாகக்கூட இருக்காது, சிவப்பாக, தோல் நிறத்தில்கூட வரும். உயர்ந்தது, கெட்டியானது, ஒரு மாதமாக விடாமல் வளர்வது என்ற மூன்றும் சேர்ந்தால் ஒருநாளும் தள்ளிப் போடாதீர்கள்.

நகத்தில்: நமது நிறத்தவர்களுக்குப் பல விரல் நகங்களில் மெல்லிய மண்ணிறக் கோடு இருப்பது வழமை, பயம் இல்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரே ஒரு விரலில் புதிதாகக் கோடு வந்து, அது அகலமாகிக்கொண்டு போனால், அல்லது கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண்ணின் தோலுக்கும் பரவினால் காட்ட வேண்டும். கதவு இடித்து, கல் விழுந்து நகத்தின் கீழ் இரத்தம் கட்டினாலும் கறுக்கும். அதைப் பிரித்தறிய ஒரு வழி: இரத்தக் கறுப்பு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், பின்னால் நல்ல நகம் முளைக்கும். கை நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீற்றரும், கால் நகம் அதில் பாதியும் வளரும். இரண்டு மாதமாகியும் கறுப்பு முன்னால் போகவில்லை என்றால் அது அடிபட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். பாடகர் பொப் மார்லிக்குப் பெருவிரல் நகத்தின் கீழ் வந்ததை முதலில் பந்து விளையாடிப் பட்ட காயம் என்றுதான் நினைத்தார்கள். 1977இல் அது மெலனோமா என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில், அவர் இறந்தார்.

உள்ளங்காலில் வருவதும் ஆள்மாறாட்டம் செய்யும். காலாணி என்பார்கள், முள் குத்தி உள்ளே நிற்கிறது என்பார்கள், சீனிப் புண் என்பார்கள். மருந்து கட்டியும் ஆறு கிழமையில் ஆறாத புண்ணும், ஓரத்தில் கறுப்பு நிறம் உள்ள "காலாணி"யும் தோல் நிபுணர் கண்ணில் பட வேண்டியவை.

இனி, பயம் வேண்டாதவை. கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மெல்லிய சதைத் துணுக்குகள். கன்னத்தில் மிளகு தூவினதுபோல வரும் சின்னச் சின்னக் கறுப்புகள். எங்கள் பெரியம்மாமாருக்கு வயது போகப் போகக் கூடிக்கொண்டே வரும் அவைதான். வயதானவர்களின் முதுகில் மெழுகை ஒட்டி வைத்ததுபோல இருக்கும் மண்ணிறத் தடிப்புகள். உள்ளங்காலில் பல இடத்தில் பரவலாக இருக்கும் மங்கல் மண்ணிறத் திட்டுகள். மயிர் முளைத்த, மெத்தென்ற, பல வருடமாக மாறாத மச்சம். இவை எல்லாம் பெரும்பாலும் தீங்கில்லாதவை. ஆனால் இவற்றில் ஒன்று திடீரென்று குணம் மாறினால் அதுவும் காட்ட வேண்டியதாகிவிடும்.

4. எவ்வளவு நாள் பொறுக்கலாம்

இரத்தம் வருகிறது, வேகமாய் வளர்கிறது, நிறம் கலைகிறது என்றால் இரண்டு கிழமைக்குள் ஒரு டொக்டர் பார்த்திருக்க வேண்டும். அது பாதுகாப்பு மட்டுமல்ல, உங்கள் நித்திரைக்கும் நல்லது.

"மாறியதா இல்லையா" என்று சந்தேகம் மட்டும் இருந்தால், படம் எடுத்து வைத்து ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். நாளுக்கு நாள் பார்ப்பதில் பலன் இல்லை. நான் இரவில் டோர்ச் அடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் என்னையே பைத்தியமாக்கிக்கொண்டேன். நாற்பது வயதுக்குப் பிறகு புதிதாக முளைக்கும் மச்சம், குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா வந்திருப்பது, உடம்பில் நூறுக்கு மேல் மச்சம் இருப்பது, இந்த மூன்றில் ஏதேனும் இருந்தால் எட்டுக் கிழமை காத்திருக்காமல் காட்டுங்கள்.

கர்ப்ப காலத்தில் மச்சம் கொஞ்சம் கறுக்கலாம், வயிற்றுத் தோல் இழுபடும்போது அங்குள்ளது கொஞ்சம் பெருக்கலாம். ஆனாலும் கிளினிக் போகும்போது மருத்துவிச்சி அம்மாவிடம் காட்டுங்கள். "பிள்ளை பிறக்கட்டும், பார்ப்போம்" என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

ஏன் இந்த அவசரம்? மெலனோமாவில் விதியைத் தீர்மானிப்பது அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. 1 மில்லிமீற்றருக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலானோர் முழுதாய்ச் சுகமாகிறார்கள். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த மில்லிமீற்றர் கணக்கில்தான் போய்ச் சேரும்.

5. இவற்றைச் செய்துவிட்டுப் போகாதீர்கள்

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, சேங்கொட்டை வைப்பது, தலைமயிரால் இறுக்கிக் கட்டுவது, ஊதுபத்தியால் சுடுவது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு மாமிக்கு இதில் ஒன்று தெரியும். தோல் வெந்து, மேலே இருப்பது உதிர்ந்து, கீழே இருப்பது அப்படியே நிற்கும். பிறகு பார்க்கும் டொக்டருக்கு வெந்த புண்தான் தெரியும், மச்சம் தெரியாது.

அடுத்தது நான் விழுந்த குழி. நகரில் ஓர் இடத்தில் "கரன்ட் பிடித்து" ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவோம் என்றார்கள். 2,500 ரூபா. வலியும் இல்லை. ஆனால் எரித்ததால் சோதனைக்கு அனுப்ப ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அனுப்ப வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஏழாம் கிழமை தழும்புக்குள் இருந்து கறுப்பு மறுபடி எட்டிப் பார்த்தது, இந்தமுறை கோணல்மாணலாக. பாதி எடுத்த மச்சம் திரும்பி வரும்போது, அது நல்ல மச்சமாக இருந்தாலும், நுணுக்குக் காட்டியில் மெலனோமா போலவே தோன்றக்கூடும் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் அழுத அழுகைக்குக் காரணம் அந்த ஐந்து நிமிடம்.

ஆகவே, அழகு நிலையமோ வேறு எந்த இடமோ, கறுப்பு மச்சத்தை எரிக்கவோ லேசர் பிடிக்கவோ விடாதீர்கள், தோல் டொக்டர் ஒருவர் அதைப் பார்த்து "இது தீங்கில்லாதது" என்று சொல்லும் வரை. வெட்டியது எதுவானாலும் சோதனைக்குப் போக வேண்டும்.

அதிர்ஷ்ட மச்சம் என்று எடுக்கப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்ய மாட்டேன், அப்பம்மாவின் பலனை நானும் நம்பித்தான் வளர்ந்தேன். "வெட்டினால் பரவும்" என்ற பயமோ வேறு. அது பிழை. வெட்டிப் பார்ப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. வெட்டாமல் விடுவதால்தான் பரவுகிறது.

6. எங்கே போவது, எவ்வளவு செலவு

அரச வைத்தியசாலைக்குப் போனால் பார்ப்பதும், வெட்டுவதும், தையலும் இலவசம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் பக்கம் இருப்பவர்கள் முதலில் தங்கள் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். அங்கிருந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். நகரத்தவர்கள் நேரே பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கே போகலாம்.

முக்கியமான சங்கதி: வெளிநோயாளர் பிரிவில் பார்ப்பவர் தோல் நிபுணர் இல்லை. சனம் நிறைந்திருக்கும், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "காலில் ஒரு மச்சம்" என்று மட்டும் சொன்னால் கிறீம் ஒன்றோடு திரும்பி வருவீர்கள். "இந்த மச்சம் மூன்று மாதத்தில் பெருத்திருக்கு, படம் இருக்கு, தோல் கிளினிக்குக்குக் கடிதம் தாங்கோ" என்று கேளுங்கள். தேவை என்னவென்று தெளிவாய்ச் சொன்னால் தருவார்கள்.

கிளினிக் எந்த நாள், நம்பர் எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்பதை முதல்நாளே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாட்கள் மாறும், நிபுணர் லீவில் போவதும் உண்டு. பௌர்ணமி போயா நாளில் கிளினிக் நடக்காது. அந்தக் கிழமைக்குரிய கூட்டம் அடுத்த கிழமையில் வந்து சேரும். மூதூர், புல்மோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் கலண்டரைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

காசு செலவழிக்க முடியுமென்றால் சனலிங் செய்யலாம், அதாவது தனியார் இடத்தில் காசு கட்டி நிபுணரைப் பார்க்கலாம். நிபுணரின் கட்டணமும் அந்த இடத்தின் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பொறுத்துக் கூடும். என் யோசனை இது: முதல் பார்வைக்கு மட்டும் சனலிங் செய்யுங்கள். பத்து நிமிடம் ஆறுதலாகக் கதைக்கலாம். வெட்ட வேண்டும் என்றால் அரச வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். தனியாரில் வெட்டினால் தியேட்டர், டொக்டர், சோதனை என்று மூன்று பில் வரும், மூன்றையும் கூட்டி முன்கூட்டியே கேளுங்கள். சோதனைக் காசை முதலில் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அதைக் கேட்டதும் சிலர் "அனுப்பாமல் விடுங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

7. கையில் கொண்டுபோக வேண்டியவை

தேசிய அடையாள அட்டை. பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அது, இல்லாவிட்டால் ஒரு புதுக் கொப்பி. கடிதம். நீங்கள் குடிக்கும் மருந்துகளை உறையோடு, ஒன்றும் விடாமல். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோபரின் குடிப்பவர்கள் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முன்பு எங்காவது அந்த இடத்தை எரித்தோ வெட்டியோ இருந்தால், எப்போது, எப்படி என்ற விபரம்.

போனில் சார்ஜ் இருக்கட்டும், படங்கள் அதில்தானே. நகப்பூச்சு, மருதோன்றி, குங்குமம், முகப்பூச்சு எதுவும் பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கக் கூடாது. மருதோன்றி போட்ட உள்ளங்காலில் டொக்டர் எதைக் காண்பார்? கலியாண வீடு வந்தால் மருதோன்றி மங்கும் வரை நாளைத் தள்ளி எடுங்கள், அல்லது முதலில் காட்டிவிட்டுப் போடுங்கள். சுலபமாய்க் கழற்றும் உடுப்பு, செருப்பு.

டொக்டருக்குச் சிங்களம் மட்டும் தெரிந்திருந்து, உங்களுக்கு அது கதைக்க வராவிட்டால், கதைக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். "பெருத்தது" என்பதும் "வீங்கியது" என்பதும் ஒன்றாக மொழிபெயர்ந்தால் கதையே மாறிவிடும். எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தா, பெரிய உதவி.

8. உள்ளே போனதும்

மூன்று வசனம் போதும். எந்த இடம். எப்போதிலிருந்து. என்ன மாறியது. பிறகு படத்தைக் காட்டுங்கள். டொக்டர் விளக்கோடு ஒரு கண்ணாடிக் கருவியை மச்சத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். நோகாது. கண்ணுக்குத் தெரியாத நிற வரிகள் அதில் தெரியும். உள்ளங்காலில் ரேகைகளுக்கு மேடும் பள்ளமும் உண்டு. நிறம் பள்ளத்தின் வழியே ஓடினால் பெரும்பாலும் நல்லது, மேட்டின் வழியே ஓடினால் சந்தேகம். என்னுடையது எரித்த தழும்பில் இருந்ததால் அந்த வரிகள் குழம்பிப் போயிருந்தன, அதனால்தான் வெட்ட வேண்டி வந்தது.

முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். "ஒன்றுமில்லை" என்றால் நல்லது, ஆனால் "என்ன மாறினால் திரும்பி வர வேண்டும்" என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். "மூன்று மாதத்தில் வாங்கோ" என்றால் திகதியை அங்கேயே போடுவியுங்கள். "வெட்டிப் பார்ப்போம்" என்றால், "முழுதாக எடுப்பீங்களா, ஒரு துண்டா?" என்று கேளுங்கள். மெலனோமா சந்தேகம் என்றால் சுற்றிவர 2 மில்லிமீற்றர் நல்ல தோலோடு முழுதாய் எடுப்பதுதான் வழமை. பெரிய மச்சத்திலும் முகத்திலும் நகத்திலும் துண்டு எடுக்க வேண்டி வரும், அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கும்.

9. வெட்டும் நாளும் தையல் வெட்டும் நாளும்

விறைப்பு ஊசி போட்டுத்தான் வெட்டுவார்கள், மயக்கம் இல்லை. அதனால் சாதாரணமாகப் பட்டினி தேவையில்லை; சீனி வருத்தக்காரர் மருந்தையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் போய் அங்கே தலைசுற்றி விழ வேண்டாம், முதல்நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலில் அந்த ஊசி நன்றாக நோகும். ஒளிக்காமல் சொல்லுகிறேன், ஏனென்றால் தெரிந்து போனால் தாங்கலாம். அரை நிமிடம்தான், பிறகு ஒன்றும் தெரியாது. முழு வேலையும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது.

வெட்டிய துண்டு, அதைக் கெடாமல் வைக்கும் போர்மலின் ஊற்றிய போத்தலில் போகும். போத்தலில் உங்கள் பெயர், இலக்கம், எந்தப் பக்கக் கால் என்று எழுதியிருக்கிறதா என்று எழும்புவதற்கு முன் பாருங்கள். சில இடங்களில் போத்தலை உங்கள் கையிலேயே தந்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அப்படித் தந்தால் அன்றைக்கே கொடுங்கள். பிரிட்ஜில் வைக்க வேண்டாம், போர்மலினை ஊற்றிவிட்டுத் தண்ணீர் விட வேண்டாம், வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போக வேண்டாம். படிவத்தில் "முன்பு எரிக்கப்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று கேளுங்கள். நுணுக்குக் காட்டியில் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி தெரியாவிட்டால் நல்லதைக் கெட்டதென்று எண்ணக்கூடும்.

வீட்டுக்குத் திரும்ப ஓட்டோவோ, ஓட்ட ஒரு ஆளோ வேண்டும். கால் என்றால் பஸ் வேண்டாம். தையல் முகத்தில் ஒரு கிழமைக்குள், உடம்பில் பத்து முதல் பதினாலு நாளில், உள்ளங்காலில் இரண்டு கிழமை அல்லது அதற்கு மேலும் எடுத்து வெட்டுவார்கள். அந்த நாட்களில் கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும் வேண்டாம், கோணேசர் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறவும் வேண்டாம். மீன்பிடிக்குப் போகும் வீடென்றால் இரண்டு கிழமை வருமானம் இல்லை என்பதை முன்பே கணக்கில் எடுத்துத் திகதி கேளுங்கள். சுற்றிச் சிவத்தல், காய்ச்சல், சீழ் வந்தால் தையல் நாள் வரை காத்திராமல் போங்கள்.

10. ரிப்போட்டைத் துரத்துங்கள்

இங்கேதான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். தையல் வெட்டியதும், புண் ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ரிப்போட் யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரப் போவதில்லை. இரண்டு தொடக்கம் நான்கு கிழமை ஆகலாம், சோதனை வேறு வைத்தியசாலைக்குப் போனால் இன்னும் கூடும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே, ரிப்போட் எங்கே வரும், எந்த இலக்கம், எத்தனையாம் திகதி வந்து கேட்க வேண்டும் என்ற மூன்றையும் கொப்பியில் எழுதுவியுங்கள். சொன்ன நாளில் போங்கள். வரவில்லை என்றால் அடுத்த கிழமையும் போங்கள். "ஒன்றும் சொல்லவில்லை, அப்படியென்றால் நல்லதுதான்" என்று நினைக்காதீர்கள்.

ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கும். "நீவஸ்" என்றால் மச்சம். ஜங்ஷனல், கொம்பவுண்ட், இன்ட்ராடேர்மல் என்று முன்னால் வருவது அது தோலின் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைச் சொல்லும், மூன்றும் நல்லவை. "டிஸ்பிளாஸ்டிக்" என்று வந்தால் புற்றுநோய் இல்லை, ஆனால் டொக்டரோடு விபரமாய்க் கதைக்க வேண்டும். "மார்ஜின்" என்றால் வெட்டிய ஓரம், அது சுத்தமா இல்லையா என்பதைக் கேளுங்கள். கூகுளில் தேடி இரவு முழுக்க விழித்திருப்பதைவிட விடிய எழும்பிக் கிளினிக்குக்குப் போவது மேல்.

மெலனோமா என்று வந்தால், முதல் கேள்வி "எத்தனை மில்லிமீற்றர் ஆழம்?" என்பதாக இருக்கட்டும். அதை வைத்துத்தான் அடுத்தது. 1 மில்லிமீற்றருக்குள் என்றால் சுற்றிவர 1 சென்ரிமீற்றர் அகலத்தில் மறுபடி வெட்டுவார்கள், ஆழம் கூடினால் 2 சென்ரிமீற்றர் வரை போகும், நெறிக்கட்டியையும் சோதிப்பார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். மட்டக்களப்பு, அனுராதபுரம், கண்டி, தெல்லிப்பழை ஆகிய இடங்களிலும் அரச புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. எதற்கு அனுப்பினாலும் வைத்தியம் இலவசம். தங்குவதற்கும் போய்வருவதற்கும்தான் காசு வேண்டும். கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர், இரவு ரெயிலில் போனால் விடியக் கிளினிக்குக்கு நேரத்துக்கு இறங்கலாம். கூட ஒருவர் வர வேண்டும், இரண்டு பேருக்குமான செலவைப் போடுங்கள். ரிப்போட்டின் மூலத்தோடு, ஆய்வுகூடத்தில் இருக்கும், வெட்டிய சதையைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டையும் அதைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கிப் போக வேண்டியிருக்குமா என்று அனுப்புகிறவரிடமே கேளுங்கள். அங்கே போன பிறகு திரும்பி வந்து எடுத்துப் போனால் இன்னொரு கிழமை போய்விடும்.

நல்லது என்று வந்தாலும் ரிப்போட்டை எறியாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பியில் ஒட்டி, மூலத்தைப் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பைலிலேயே வையுங்கள். சில வருடம் கழித்து அதே தழும்புக்குள் கறுப்பு திரும்ப எட்டிப் பார்த்தால், டொக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.